ஃபோர் வீல் விழவில்லையா? விளக்கை விட்டுவிட்டு ஷாஃப்டைப் பிடித்துப் பாருங்கள்

தாண்டிக்குடியில் ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மாலை. காபித் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் மண்பாதை நூறு அடிகூட இருக்காது. பிக்கப்பில் ஃபோர் வீல் போடும் திருகை (வட்ட நாபை), நான்கு சக்கரமும் இழுக்கும் 4 ஹெச் நிலைக்குத் திருப்பினேன். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஏறவில்லை. பின் சக்கரங்கள் சேற்றைத் தோண்டிக்கொண்டே இருந்தன. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர், "முன்னாடி வீலு சுத்தவே இல்லீங்க" என்றார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மலையிறங்கி ஒரு பட்டறையில் காட்டினேன். கீழே குனிந்துகூடப் பார்க்காமல், முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் நானே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனதில், கோளாறு ஒரு ரப்பர் டியூபில் இருந்தது தெரிந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத டியூப். எலி கடித்து வைத்திருந்தது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

ஃபோர் வீல் பிக்கப் புதிதாக வாங்கியவர்களுக்கும், பழையதை வாங்கி அதில் ஃபோர் வீல் விழாமல் திண்டாடுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால், இன்ஜினின் விசை எந்த இடம் வரை வந்து நின்றுவிடுகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், நான்கு கட்டை, ஒரு மல்டிமீட்டர், கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

விசை போகும் வழி

நம் ஊரில் கிடைக்கும் பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல். 2016-இல் இங்கே வந்த இசுசு வி-கிராஸும் 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் இந்த வகைதான். சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், அதுதான் 2 ஹெச். கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. 4 ஹெச் போட்டால் அதற்குள், மோட்டாராலோ லீவராலோ ஃபோர்க் என்ற கவை போன்ற துண்டு நகர்ந்து, முன்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை (விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டை) பின்னால் போகும் ஷாஃப்டோடு பூட்டிவிடும். இது முதல் பூட்டு.

முன் ஷாஃப்ட் சுற்றினால் முன் சக்கரமும் சுற்றிவிடும் என்று நினைப்போம். பல வண்டிகளில் அங்கே இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. 2 ஹெச்சில் ஓடும்போது முன் ஆக்சிலும் ஷாஃப்டும் வீணாகச் சுற்றி டீசலைத் தின்னக்கூடாது என்பதற்காக, ஆக்சிலை ஓரிடத்தில் பிரித்து வைத்திருப்பார்கள். பழைய ஜீப்களிலும் பழைய ஹைலக்ஸிலும் அது சக்கரத்தின் நடுவில், கையால் திருப்பும் ஹப்பாக இருந்தது. பிறகு வந்த பலவற்றில் ஆக்சிலின் ஒரு பக்கத்தில் வாக்கத்தாலோ (காற்றை உறிஞ்சி இழுக்கும் விசை) சின்ன மோட்டாராலோ நகரும் ஒரு காலர், அதாவது பிரிந்த தண்டுகளைச் சேர்க்கும் வளையம், இருக்கிறது.

ஆக, பூட்டு இரண்டு. இரண்டும் விழுந்தால்தான் ஃபோர் வீல். எந்தப் பூட்டு விழவில்லை என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்கப் போகிறோம்.

முதலில், இது கோளாறுதானா?

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படியுங்கள். "விழமாட்டேன் என்கிறது" என்று வரும் வண்டிகளில் பலவற்றில், போடும் முறைதான் தப்பாக இருக்கும். 2 ஹெச்சிலிருந்து 4 ஹெச்சுக்கு ஓடும்போதே மாற்றலாம். ஆனால் அதற்கு ஒரு வேக வரம்பு உண்டு, ஸ்டியரிங்கும் நேராக இருக்க வேண்டும். மெதுவாக, கூடுதல் விசையோடு இழுக்கும் 4 எல் அப்படியில்லை. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மேனுவல் வண்டியென்றால் கிளச்சை முழுக்க மிதித்து, அப்புறம்தான் திருப்ப வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

மின்னும் விளக்கு என்றால் "முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்" என்று அர்த்தம். உள்ளே பல்லோடு பல் நேராக வரவில்லை. இரண்டு மூன்று மீட்டர் மெதுவாகப் பின்னால் எடுத்து, திரும்ப முன்னால் வந்தால் பெரும்பாலும் விழுந்து, விளக்கு நிலைத்து எரியும். 4 எல்லில் சறுக்கல் கட்டுப்பாட்டு விளக்கும் சேர்ந்து எரிகிறதே என்று பயப்பட வேண்டாம். பல பிக்கப்களில் அது இயல்பு.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: போட்டது போட்டபடி இருக்கிறது, 2 ஹெச்சுக்குத் திரும்பவில்லை. தார் ரோட்டில் 4 ஹெச் போட்டுத் திரும்பினீர்களா என்று கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போகின்றன. ஷாஃப்டுகள் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் உள்ளே முறுக்காக ஏறி நிற்கும். மண்ணில் டயர் வழுக்கி அது தானாக விட்டுப்போகும். காய்ந்த தாரில் போகாது. நேராகப் பின்னால் பத்து மீட்டர் ஓட்டுங்கள். அல்லது ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டுங்கள். முறுக்கு விட்டதும் தானே கழன்றுவிடும். லீவர் வைத்த வண்டியில் அந்த நேரத்தில் பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். ஃபோர்க் வளைந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

அந்தப் பச்சை விளக்குக்குச் செய்தி அனுப்புவது ஒரு சின்ன சுவிட்ச். சில வண்டிகளில் அது டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும், சிலவற்றில் முன் ஆக்சிலில், சிலவற்றில் இரண்டிலும். என் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸில் மட்டும் இருந்தது. அதனால்தான் முதல் பூட்டு விழுந்த உடனே விளக்கு எரிந்துவிட்டது. இரண்டாவது பூட்டு விழவில்லை என்பது அதற்குத் தெரியாது. இதற்கு எதிரிடையாக, இரண்டு பூட்டும் சரியாக விழுந்து, சுவிட்சோ அதன் வயரோ கெட்டுப்போனதால் விளக்கு எரியாமல் இருக்கவும் வழி உண்டு. ஆகவே விளக்கை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ஜாக்கி வைத்துப் பார்ப்பது

இந்தப் பரிசோதனைதான் முக்கியம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் 4 ஹெச் போட்டு, சில மீட்டர் நேராக ஓட்டிக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் வையுங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இன்னொன்று: முன்பக்கம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கியர் விழுந்தால் தரையில் இருக்கும் பின் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். இங்கே எல்லாம் கையால்தான்.

இப்போது முன் புரொப்பல்லர் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். டக் டக்கென்று கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது பல் இடைவெளி. அதைத் தாண்டி ஒரு விரற்கடைகூடத் திரும்பக்கூடாது. திரும்பவில்லையென்றால் முதல் பூட்டு விழுந்திருக்கிறது, டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. ஷாஃப்ட் கையோடு சுற்றிக்கொண்டே வந்தால், கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸிலோ அதை நகர்த்தும் மோட்டாரிலோ லீவரிலோ இருக்கிறது.

ஷாஃப்ட் இறுகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுந்து வந்து இடது முன் சக்கரத்தைச் சுற்றுங்கள், கூட வந்தவர் வலது சக்கரத்தைப் பார்க்கட்டும். இரண்டாவது பூட்டும் விழுந்திருந்தால், இடதை முன்னால் சுற்றும்போது வலது பின்னால் சுற்றும். விசையை இடதுக்கும் வலதுக்கும் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியலின் குணம் அது. வலது அசையாமல் நிற்க, இடது மட்டும் லேசாகச் சுற்றினால், எங்கோ ஆக்சில் பிரிந்து கிடக்கிறது. ஹப் வைத்த வண்டியென்றால் ஹப். இல்லையென்றால் ஆக்சிலில் உள்ள காலரும், அதை நகர்த்தும் கருவியான ஆக்சுவேட்டரும்.

என் வண்டியில் ஷாஃப்ட் கல் மாதிரி நின்றது. இடது சக்கரத்தை ஒரு விரலால் சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் சேறு காய்ந்த டயர் ஒரு இம்மிகூட நகரவில்லை. பத்து நிமிட வேலை. விலை சொன்ன அந்த மோட்டார் குற்றவாளி இல்லை என்று அங்கேயே தீர்ந்துவிட்டது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் என்றால்

வண்டியை இறக்கிவிட்டு, சத்தமில்லாத இடத்தில் சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜின் வேண்டாம். ஒருவர் திருகைத் திருப்பட்டும், நீங்கள் பக்கவாட்டில் குனிந்து கேளுங்கள். டிக் என்று ரிலேயும், ஒரு வினாடிக்கு ர்ர்ர் என்று மோட்டாரும் கேட்க வேண்டும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் மாறும். அதையும் கையேடு சொல்லும்.

சத்தமே இல்லையென்றால் மின்சாரத்தைத் தேடுங்கள். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2-க்குக் கீழே போனால் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அடுத்து ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லதென்று முடிவு செய்யாமல், மீட்டர் முனையை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். பிறகு மோட்டார் கனெக்டர். பெட்டியின் மேல் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் அது இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும், ஒன்றிரண்டு பொடிந்தே போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, இறுக மாட்டுங்கள். இதோடு சரியாகிவிட்ட வண்டிகள் நிறைய.

மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திருகைத் திருப்பும் அந்த ஒன்றிரண்டு வினாடிக்கு மட்டுமே அங்கே வோல்ட் வரும். தனியாக நின்று மீட்டரை வைத்தால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். கூட ஒருவர் திருப்பும்போது 12 வோல்ட் அளவு வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வோல்ட் மிகவும் குறைவாக வந்தால் எர்த் வயரைப் பாருங்கள்.

மோட்டார் சுற்றுகிறது, ஆனால் விழவில்லை. அல்லது இரண்டு மூன்று தடவை முயன்று விட்டுவிடுகிறது. இந்த நிலையில், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது உள்ளே ஃபோர்க் இறுகியிருக்கலாம். எது என்று பிரித்தறிய, மோட்டாரைக் கழற்றி, அது திருப்பும் தண்டைக் கையாலும் ஸ்பானராலும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கட்டங்கட்டமாக டக் டக்கென்று திரும்பினால் உள்ளே நலம், சந்தேகம் மோட்டார் மேல்தான். திரும்பவே இல்லையென்றால் பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் போங்கள். கழற்றும் முன் தண்டிலும் மோட்டாரிலும் பெயிண்டால் குறி போட்டுக்கொள்ளுங்கள். நிலை மாறி மாட்டினால் இல்லாத கோளாறெல்லாம் வரும்.

வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் நேரம் மிச்சமாகும். ஆனால் மலிவு விலையில் வரும் சின்ன ஸ்கேனர்களில் பல இன்ஜினை மட்டுமே படிக்கும், ஃபோர் வீல் கம்ப்யூட்டரைத் தொடாது. "கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

லீவர் வகைக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. லீவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் புஷ் (இணைப்பு வளையம்) தேய்ந்தால் லீவர் முழுக்கப் போகும், உள்ளே பாதிதான் போகும். ஏற்றத்தில் தானாக நழுவி வெளியே வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் பாருங்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றவர்கள் உண்டு. பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடையில் இறக்கியிருப்பீர்கள். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகத்துண்டு போல இரும்புச் சில்லு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. எந்த ஆயில் என்பது வண்டிக்கு வண்டி மாறும்: சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், சிலவற்றுக்குக் கனமான கியர் ஆயில். பட்டறையில் இருப்பதை ஊற்ற விடாதீர்கள்.

முன் ஆக்சில் பக்கம் என்றால்

வாக்கத்தால் இயங்கும் வண்டியில் டியூபை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். டீசல் வண்டியில் பிரேக்குக்கும் இதற்கும் இன்ஜினில் உள்ள வாக்கம் பம்ப்தான் மூலம். அங்கிருந்து மின்சாரத்தால் திறந்து மூடும் சின்னச் சின்ன சாலினாய்டு வால்வு வழியாக டியூப் ஆக்சிலுக்கு இறங்கும். சைலன்சர் சூட்டில் ரப்பர் பிஸ்கட் போல நொறுங்கிப்போயிருக்கும். வளைவில் மடங்கியிருக்கும். எங்கள் மலையில் எலியும் அணிலும் சேர்ந்துகொள்ளும். மேலே இருந்து பார்த்தால் டியூப் முழுசாகத்தான் தெரியும். நான் கண்டுபிடித்தது பார்த்து அல்ல, தடவி: அடிப்பக்கத்தில் வரிவரியாகப் பல் பதிந்த இடத்தில் விரல் நின்றது.

டியூப் நன்றாக இருந்தால், வண்டியைத் தரையில் கட்டை போட்டு நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சுவேட்டரில் மாட்டும் முனையைக் கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். இரண்டு டியூப் வைத்த வகையில், 4 ஹெச்சில் ஒன்று விரலை இழுக்கும், 2 ஹெச்சில் மற்றொன்று இழுக்கும். எதுவும் இழுக்கவில்லையென்றால் வால்வும் அதன் கனெக்டரும். நன்றாக இழுத்தும் காலர் நகரவில்லையென்றால் ஆக்சுவேட்டர். கை வாக்கம் பம்ப் கிடைத்தால் அதில் மாட்டி பம்பின் முள் 15 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் வரை இழுத்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் உள்ளே உள்ள ரப்பர்த் தகடு கிழிந்திருக்கிறது. கழற்றி மாட்டும்போது இரண்டு டியூபும் இடம் மாறாமல் டேப் ஒட்டி வையுங்கள்.

எல்லா வண்டியிலும் வாக்கம் போனால் ஃபோர் வீல் போய்விடும் என்று எண்ணவேண்டாம். 2004-க்குப் பிந்தைய ஃபோர்டு எஃப்-150 பலவற்றில் ஏற்பாடு தலைகீழ். அங்கே வாக்கம்தான் சக்கர ஹப்பைப் பிரித்து வைத்திருக்கிறது. டியூப் ஓட்டையானால் ஹப் பாதி சேர்ந்தும் சேராமலும் இருந்து, 2 ஹெச்சில் ஓடும்போதே கரகரவென்று அரைக்கும். 1990-களின் ஷெவர்லே கே 1500 பலவற்றில் வாக்கமே இல்லை, சூடேறி விரியும் ஆக்சுவேட்டர் ஒன்று இருந்தது. அது காலரைத் தள்ளப் பல வினாடி எடுத்துக்கொள்ளும், அந்தத் தாமதம் கோளாறு அல்ல. அயல்நாட்டு வீடியோக்களைப் பார்த்து உங்கள் வண்டியில் கைவைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கையால் திருப்பும் ஹப்பில் இரண்டு பக்கமும் லாக்கில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் விசை பூட்டாத பக்கம் ஓடிப்போகும், வண்டி இழுக்காது. திருகு பாதியில் நின்றால் உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். கழற்றிக் கழுவி, கொஞ்சமாகப் புது கிரீஸ் தடவுங்கள். நிறைய அடைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

டயரையும் விட்டுவிடாதீர்கள்

ஃபோர் வீல் விழும், ஆனால் ஓட்டும்போது இழுத்துப் பிடிக்கிறது, கழற்றினால் கழலவில்லை: இந்தப் புகாருக்கு டயர் காரணமாக இருக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 245/70 ஆர் 16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.35 மீட்டர். முன்னால் புதுசும் பின்னால் 5 மில்லிமீட்டர் தேய்ந்ததும் போட்டால், சுற்றுக்கு 31 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 425 சுற்று, ஆக 13 மீட்டர். பூட்டிய ஷாஃப்டுகள் நேர்ரோட்டில்கூட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இந்த 13 மீட்டரை முறுக்காக வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம், ஒரே காற்று இருக்கட்டும். டயரை இடம் மாற்றிப் போடும் வேலையை ஃபோர் வீல் வண்டியில் தள்ளிப்போடக் கூடாது.

சரி செய்த பிறகு

மறுபடி ஜாக்கி வைத்து, ஷாஃப்டையும் சக்கரத்தையும் அதே மாதிரி பாருங்கள். அப்புறம் ஈர மண்ணில் 4 ஹெச் போட்டு மெதுவாக ஏறுங்கள், ஒருவர் நன்றாகத் தள்ளி நின்று முன் சக்கரத்தைக் கவனிக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது மண் ரோட்டில் சில கிலோமீட்டர் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். ஆயில் எல்லா இடமும் போகும், காலரும் ஃபோர்க்கும் ஒட்டிக்கொள்ளாது. கோடை முழுக்கத் தொடாமல் வைத்திருந்து, முதல் மழையில் தேவைப்படும்போது திருப்பினால் விழாத வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

புது டியூப் மாட்டிய அன்று அதே தோட்டப் பாதையில் ஏறிப் பார்த்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் சேறு இருந்தது. மேலே போய் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். முன் சக்கரம் தோண்டிய தடமும் பின் சக்கரத் தடமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.